நகல் வாங்கப் போய்க் கூண்டில் ஏறிய கதை

என் ஆயுளில் நான் ஒரே ஒரு தடவைதான் கோர்ட்டுக் கூண்டில் ஏறியிருக்கிறேன். யாரும் ஏறச் சொல்லவில்லை. நானாக ஓடிப்போய் ஏறினேன். ஏறியவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலும் பரவாயில்லை, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வேறு சொன்னேன். கால் மணி நேரத்துக்குள் எனக்கு ஒரு மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஏற்பட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண்ணிடம் நேருக்கு நேராக நின்று மணி என்ன என்று கேட்டதுகூடக் கிடையாது.

தைரியத்தில் நான் ஒரு தனி ரகம். எதிரே போலீஸ்காரர் வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். போன பிறகு, 'இந்தப் பயல் ஏன் ஒதுங்குகிறான்' என்று சந்தேகப்படுவாரோ என்று பயம் வந்து மறுபடி இந்தப் பக்கமே வருவேன். (ஒரு தடவை அவரே நின்று, முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனார்.) இப்படிப்பட்டவனைத்தான் கோர்ட்டுக்கு அனுப்பினார்கள்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில் நடந்தது. லான்மடா வட்டாரத்தில் ஒரு மாடியில் அம்மா, தங்கை தனம், நான் மூவரும் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். நான் ஆற்றங்கரையில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. அங்கே முத்தையா என்ற பெயரில் நான்கு பேர் இருந்தோம். என்னை ஒல்லி முத்தையா என்பார்கள்.

தனத்துக்கு ஒரு நல்ல இடம் வந்திருந்தது. அலோன் பகுதியில் கப்பல் சரக்கு இறக்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்த வீராசாமி மேஸ்திரியின் மகன். பையன் சாது. மேஸ்திரிக்குத்தான் குரல் பெரிது. அவர் சாதாரணமாகப் பேசினாலே ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆலை வாசலுக்கு வந்து, என்னை ஓரமாக அழைத்துப்போய், தன்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, உங்க அப்பா பேரு கோர்ட்டுல ஏறியிருக்குன்னு ஒரு பேச்சு அடிபடுது. யாரோ பர்மாக்காரப் பொம்பளையோட குடும்ப வழக்காம். எனக்கு அது பெரிசில்லே. ஆனா வெறும் பேச்சா இருந்தா ஆளுக்கு ஒண்ணு சேர்ப்பாங்க. காகிதமா இருந்தா இன்னதுன்னு தெரிஞ்சுபோகும். நகலை வாங்கிட்டு வாங்க. பார்த்துட்டு வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

எனக்கு இரண்டு பயம். ஒன்று, கோர்ட். இன்னொன்று, அப்பா. நான் பார்த்த அப்பா வேலைக்குப் போவார், வருவார், குளித்துவிட்டு விபூதி பூசுவார், அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பர்மாக்காரப் பெண்ணா? அம்மாவிடம் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. தாலி இழந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் காதில் இதை எப்படிப் போடுவது? ஆலைக்குப் போவதுபோலச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போனேன்.

சிவப்புச் செங்கல் கட்டடம். நீளமான வராந்தா. வராந்தாவில் பாதி ரங்கூன் உட்கார்ந்திருந்தது. சுருட்டுப் புகை, வெற்றிலை எச்சில், அழுகிற பெண்கள், கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல்கள். ஒரு கைதியை விலங்கோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அடுத்தது நீதான் என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. (பாவம், அவனுக்கு என்ன கவலையோ.)

வராந்தாவின் கடைசியில் ரிக்கார்டு ரூம். அதற்கு ஊ பா என்ற வயதான பர்மியர் பொறுப்பு. மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு பர்மிய மொழியில், "ஸயா, ஸயா" என்று இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மரியாதை போட்டு, அப்பாவின் பெயரைச் சொல்லி, பழைய குடும்ப வழக்குக் கட்டு வேண்டும் என்றேன். மனு எழுதி வாங்கினார். கட்டைத் தேடி எடுக்க நேரமாகும், வெளியே போய் உட்கார், உன் பேரைக் கூப்பிடுவார்கள் என்றார். மூன்று தடவை கூப்பிட்டும் வராவிட்டால் கட்டு திரும்ப அலமாரிக்குப் போய்விடும், அப்புறம் அடுத்த மாதம்தான் என்றும் எச்சரித்தார்.

அடுத்த மாதம் வரை மேஸ்திரி காத்திருப்பாரா? நான் வராந்தாவில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை. வேறு எதற்கும்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்?

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். டவாலி போட்ட சேவகன் ஒருவன் வராந்தாவுக்கு வந்து, "முத்தையா" என்று கூவினான். நான் எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. "முத்தையா" என்றான் மறுபடி. நொண்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறக்கும்போதே, "இருக்கேன், இருக்கேன்" என்று கத்திக்கொண்டு போய் அவன்மேலேயே மோதினேன். அவன் என் தோளைப் பிடித்து ஒரு கதவுக்குள் தள்ளினான். உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சுகள், நடுவே மேஜை, மேடைமேல் பட்டுத் தலைக்கட்டோடு ஒரு பர்மிய நீதிபதி. இரண்டு ஓரத்திலும் எதிரெதிராக ஒவ்வொரு மரக்கூண்டு இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை கண்களுக்கு நடுவில் பக்கத்துக் கூண்டு ஒன்றுதான் கொஞ்சம் மறைவான இடமாகத் தெரிந்தது. ஏறிவிட்டேன்.

ரிக்கார்டு ரூமில் கட்டு வாங்க நீதிபதி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். குடும்ப விஷயம் என்பதால் பெரிய இடத்தில் விசாரித்துத்தான் நகல் கொடுப்பார்கள் போல என்று எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பயந்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

உண்மையில் அங்கே நடந்தது வேறு. மா ட்வே என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு முத்தையா, இரண்டு வயதுக் குழந்தையை அவளிடமிருந்து பறித்து ஊருக்குக் கப்பலேற்றப் பார்த்தானாம். குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று அவள் மனுப் போட்டிருந்தாள். அந்த முத்தையா மூன்று வாய்தாவாக வரவே இல்லை. அன்றைக்கும் வராவிட்டால் அவன் இல்லாமலே தீர்ப்புச் சொல்வதாக இருந்தார்கள். குழந்தை அழுததால் மா ட்வே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தாள். உள்ளே இருந்த ஒருவரும் அவள் புருஷனைப் பார்த்ததில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

நீதிபதி பர்மிய மொழியில் கேட்டார். எனக்குத் தெரிந்த பர்மியச் சொல்லெல்லாம் பறந்துவிட்டிருந்தது. நாகூர்ப் பக்கத்துச் சாயபு ஒருவர் துபாஷியாக நின்று தமிழில் சொன்னார்.

"உம்ம பேரு முத்தையாவா?"

"ஆமாங்க."

"ஒரு பர்மாக்காரப் பெண் சம்பந்தப்பட்ட குடும்ப வழக்குக்குத்தானே வந்திருக்கீரு?"

"ஆமாங்க."

"அந்த உறவை ஒப்புக்கிறீரா?"

அப்பாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இறந்தவரைப் பற்றிச் சபை நடுவே எப்படிச் சொல்வது? "இல்லைன்னு சொல்லலீங்க" என்றேன். சாயபு அதை மொழிபெயர்த்தார். பெஞ்சு கிளார்க்கின் பேனா கரகரவென்று ஓடியது.

"குழந்தை உண்டா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க வந்தேன்."

சாயபு என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மா ட்வேயின் வக்கீல் எழுந்து, தனக்குக் குழந்தை உண்டா இல்லையா என்றே தெரியாத ஒரு தகப்பனை இந்த நீதிமன்றம் இன்றுதான் பார்க்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின் பெஞ்சுகளில் சலசலப்பு. குழந்தையைக் கப்பலேற்ற உத்தேசமா என்று அடுத்த கேள்வி வந்தது. கப்பல் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

"எனக்குக் கப்பலெல்லாம் தெரியாதுங்க. எங்கம்மாவுக்குத் தெரியாம இது முடிஞ்சாப் போதும்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் ஆள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார். அலோன் துறைமுகத்தில் அடிக்கடி பார்த்த முகம். அவர் ஏன் போகிறார் என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

மா ட்வேயைக் கூப்பிட்டார்கள். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைக் குழம்பைப் பூசிய இளம்பெண் ஒருத்தி குழந்தையோடு தலை குனிந்தபடி வேகமாக வந்தாள். எதிர்க் கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுக்க வேண்டும், கையில் குழந்தை. சேவகன் அதை வாங்கினான். வாங்கியவன், அப்பன்தானே நிற்கிறான் என்று கொண்டுவந்து என் கையில் திணித்தான்.

அந்தக் குழந்தை மட்டும் அப்போது வீறிட்டு அழுதிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது அழவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, தலையை என் தோளில் சாய்த்தது. கோர்ட்டு முழுக்க ஒரு "ச்சு" சத்தம் கேட்டது. என்ன இருந்தாலும் பெற்ற பாசம் என்று யாரோ ஒரு கிழவர் சொன்னார். அடுத்த நிமிஷம் என் சட்டை சூடாக நனைந்தது. (குழந்தைதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் என் நிலைமையும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.)

மா ட்வே பிரமாணம் எடுத்து முடித்து நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்ன பர்மிய வாக்கியத்தைச் சாயபு மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை, எனக்கே புரிந்தது.

"இது யார்? என் புருஷன் இவரைவிட அழகாக இருப்பார்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை. நீதிபதியும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். இன்னொருவன் என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்பது ஆள்மாறாட்டம், அதற்கு இன்சீன் சிறையில் இடம் இருக்கிறது, அந்தப் புருஷன்தான் என்னை அனுப்பினானா, உண்மையைச் சொல் என்றார். இன்சீன் என்ற சொல் காதில் விழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தை கையில் இருந்ததால் மயங்கி விழவும் முடியவில்லை. அம்மா சிறை வாசலில் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பது, தனத்தை யாரும் கட்டிக்கொள்ள வராதது, எல்லாம் வரிசையாக மனசில் ஓடின. கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அழுதபடியே அப்பா, நகல், தங்கை, மேஸ்திரி, ரிக்கார்டு ரூம் எல்லாவற்றையும் கொட்டினேன். சாயபு நல்ல மனுஷர். என்னைவிட ஒழுங்காக அதை எடுத்துச் சொன்னார். ஊ பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் என் மனுவைக் காட்டினார்.

அப்போது மா ட்வே நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டாள். இந்த ஆளை விட்டுவிடுங்கள் என்றாள். குழந்தை அதன் அப்பாவிடம் இருந்தால்கூட இப்படிப் பேசாமல் இருக்காது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவ்வளவு நேரமும் என் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், அவளும் நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என் நடுக்கம் கூண்டைவிட்டு இறங்கினால் தீர்ந்துவிடும். அவளுடையது அப்படியில்லை.

நீதிபதி என்னை வைத வசவில் பாதியைச் சாயபு மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார். நான் சொன்னதையெல்லாம் பதிவிலிருந்து அடித்துவிடச் சொன்னார்கள். நிஜ முத்தையா வராததால் குழந்தை தாயிடமே இருக்க வேண்டும், யாரும் கப்பலேற்றக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மா ட்வே வந்து என் பொத்தானிலிருந்து குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

நான் வெளியே வந்தபோது ரிக்கார்டு ரூமில் என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆனால் ஊ பா கட்டை அலமாரியில் வைக்கவில்லை. ஈரச் சட்டையோடு நின்ற என்னை உள்ளே உட்காரவைத்து, ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் கொடுத்தார். நகல் தயாராக நாலைந்து நாள் ஆவது வழக்கம். இந்த வருஷத்துக்குத் தேவையான சிரிப்பை நீ கொடுத்துவிட்டாய் என்று சொல்லி, தானே உட்கார்ந்து அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

இரண்டே தாள். வாங்கிப் படிக்கக் கை வரவில்லை. அவரே படித்துச் சொன்னார். அப்பா எங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் மா சீன் என்ற பெண்ணோடு வாழ்ந்திருக்கிறார். இருவரும் மனம் ஒத்துப் பிரிந்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை தாயிடம் பக்கத்து ஊர் இன்சீனில் இருக்கும், தகப்பன் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கலாம். கீழே அப்பாவின் கையெழுத்து, தமிழில்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இன்சீனுக்குப் போவார். அங்கே ரயில்வே பட்டறையில் ஒரு சிநேகிதர் இருப்பதாகச் சொல்வார். சாகிறவரைக்கும் ஒரு ஞாயிறு தவறியதில்லை. நான் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. இனி வீட்டுக்குப் போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான் வந்தது.

டிராமில் ஏறினால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று நடந்தே போனேன். அது தப்பாகப் போயிற்று. மாடிப்படி ஏறும்போதே மேஸ்திரியின் குரல் கேட்டது. கோர்ட்டிலிருந்து எழுந்து போன அலோன்காரர் நேரே அவரிடம் போயிருக்கிறார். அப்பனைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் மகனுக்கே பர்மாக்காரப் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருப்பது தெரிந்தது, கூண்டில் நின்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் தனம் விசும்புவது கேட்டது. அம்மா தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நகலை அம்மாவிடம் நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தாள்.

"இது இன்சீன் விஷயம்தானே?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"இதுக்கா கோர்ட்டுக்குப் போனே? என்னைக் கேட்டாச் சொல்லியிருக்க மாட்டேனா? தாலி கட்டுறதுக்கு முந்தியே உங்கப்பா என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை அடுக்குப் பாத்திரத்துல அவரு கொண்டுபோன சோறு யாருக்குன்னு நெனச்சே? பட்டறைச் சிநேகிதருக்கா?"

அப்பாவின் பதினாறாம் நாளன்று வாசல் ஓரம் பூவோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பெண்தான் அவர் மகள் மா கின் என்றும் அம்மா சொன்னாள். இன்சீன் சந்தையில் சுருட்டுக்கடை வைத்திருக்கிறாளாம். இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றாள்.

பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரருக்கு முந்தி ஒரு பொண்ணு இருக்கா. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லே. கல்யாணத்துக்கும் வருவா. அது உங்களுக்கு ஒத்துவந்தாப் பாருங்க. ஆனா இவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைன்னு சொன்னாங்க பாருங்க, அதை மட்டும் நம்பாதீங்க. கோழி கொத்த வந்தா என் பின்னால ஒளியுறவன்."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டையில் இந்த வாடை எப்படி என்று கேட்டார். நான் முதலிலிருந்து சொன்னேன். 'என் புருஷன் இவரைவிட அழகு' என்ற இடம் வந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் எதிர்மாடிக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த தனமும் சிரித்துவிட்டாள். அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். நகலை மேஸ்திரி படிக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு மா கின் வந்தாள். அப்பாவின் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது. அவளை நான் முதலில் "அக்கா" என்று கூப்பிட்டபோது அவள் தனத்தின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சரிசெய்து முடித்துத் திரும்பி, தமிழிலேயே "என்னப்பா" என்றாள்.

மேஸ்திரிதான் என்னை விடவில்லை. எங்கே பார்த்தாலும், எத்தனை பேர் நடுவில் இருந்தாலும், "குழந்தை சௌக்கியமா?" என்று அந்தக் குரலில் கேட்பார். இந்த ஒரு கேள்வியால் எனக்கு இரண்டு பெண் பார்த்தது தட்டிப்போயிற்று. மூன்றாவது பெண்ணிடம் நானே முந்திக்கொண்டு முழுக்கதையையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டாள்.

எங்களுக்கு முதல் பெண் பிறந்தபோது மேஸ்திரி பிரசவ ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். பிறப்பைப் பதிய வந்த அம்மாள் இது எத்தனையாவது குழந்தை என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டாவது" என்றார். அந்த அம்மாள் அப்படியே எழுதிவிட்டாள். என் மூத்த மகள் இன்றுவரை முனிசிபாலிட்டிப் பதிவேட்டில் இரண்டாவது குழந்தைதான். முதல் குழந்தையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவளே என்னைக் கேட்பாள், வருகிறவர்களிடமும் சொல்லிச் சிரிப்பாள். திருத்த முடியுமா என்று ஒருநாள் போய் விசாரித்தேன். முடியும், கோர்ட்டில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும் என்றார்கள்.

இரண்டாவதாகவே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.